சங்க்ட் காலன் மடத்து நூலகம்: அரை நாளாவது ஒதுக்குங்கள்

ஸ்விட்சர்லாந்தில் இருக்கும் இந்த நூலகத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒரு சுற்றுலாக் குழுவோடு. இறங்கி, பார்த்து, திரும்பப் பேருந்தில் ஏற மொத்தமே ஒரு மணி நேரம்தான் தந்தார்கள். நூலகக் கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. இருபது வருடம் நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் வேலை பார்த்தவள் நான், அந்த ஆதங்கம் போகவே இல்லை. அதனால் போன அக்டோபரில், மடத்துக்குப் பெயர் தந்த புனித காலுஸின் திருநாளான 16-ஆம் தேதிக்கு மறுநாள், ஜூரிச்சிலிருந்து தனியாக ரயிலேறினேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல்தான் பயணம்.

நேரே நூலகத்துக்குப் போகாதீர்கள். முதலில், பக்கத்திலேயே இருக்கும் மியூலெக் பள்ளத்துக்குப் போங்கள். ஷ்டைனாக் ஓடை பாறையில் விழுகிற இடம் அது. அயர்லாந்தின் பாங்கர் மடத்திலிருந்து கொலும்பானுஸோடு கடல் கடந்து வந்த சீடர்களில் ஒருவர் காலுஸ். 612-இல் குரு இத்தாலிக்குக் கிளம்பியபோது இவருக்குக் கடும் காய்ச்சல், நடக்க முடியவில்லை. குரு அதை நம்பவில்லை. நான் உயிரோடு இருக்கும்வரை நீ திருப்பலி நிறைவேற்றக் கூடாது என்று தடை போட்டுவிட்டுப் போய்விட்டார். உடம்பு தேறியபின் காலுஸ் இந்தக் காட்டுக்கு வந்தார். முட்புதரில் தடுக்கி விழுந்தவர், தூக்க வந்தவரைத் தடுத்து, இதுதான் என் இடம் என்றாராம். அங்கே நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தால் நூலகமே வேறு மாதிரி தெரிகிறது.

சரி, நூலகம். வாசலுக்கு மேலே கிரேக்கத்தில் 'ஆன்மாவின் மருத்துவமனை' என்று எழுதியிருக்கிறது. காலணிக்கு மேலேயே பெரிய கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு, மரத்தரை கீறாமல் வழுக்கி வழுக்கி நடக்க வேண்டும். பேட்டர் தும்ப் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய கூடம். அழகைச் சொல்லத் தேவையில்லை. ஓர் எகிப்திய மம்மியும் இருக்கிறது, கூட்டம் அங்கேதான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது மடத்தின் வரைபடம். 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்து தோல் துண்டுகளைத் தைத்து வரைந்தது. கோழிக்கூண்டு, மூலிகைத் தோட்டம் வரை இடம் குறித்திருக்கிறார்கள். பிற்காலத்தில் யாரோ அதை மடித்து, பின்பக்கம் ஒரு புனிதரின் வரலாற்றை எழுதியதால்தான் பிழைத்தது. தனி அறையில் சில நொடிகள்தான் திறந்து காட்டுகிறார்கள். நான் மறுபடியும் வரிசையில் நின்றேன். இதுவும், மடத்தின் கதை சொல்லும் நிலவறையும் கூடத்துச் சீட்டிலேயே அடக்கம். தவறவிடாதீர்கள்.

சுவடிகளை மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். போகும் முன் இணையத்தில் 904-ஆம் எண் சுவடியைப் புரட்டிப் பாருங்கள், இலவசம்தான். அயர்லாந்தில் எழுதப்பட்டு இங்கே வந்து சேர்ந்த லத்தீன் இலக்கண நூல் அது. இன்றிரவு காற்று கடுமை, இந்தக் கடலில் வைக்கிங் கொள்ளையர்கள் வரமாட்டார்கள் என்று ஒரு துறவி தன் மொழியில் ஓரத்தில் கிறுக்கியிருக்கிறார். அச்சத்திலிருந்து ஓர் இரவு விடுமுறை! எத்தனையோ நூல்களின் ஓரக் குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

காலுஸின் கதையில் ஒரு கரடியும் உண்டு, அதனால் கடையில் கரடி பொம்மைகள் நிறைய. நான் தந்தச் சிற்ப அஞ்சலட்டை ஒன்று வாங்கினேன்: கரடி விறகு சுமந்து வருகிறது, காலுஸ் அதற்கு ரொட்டி கொடுக்கிறார். துவோதிலோ என்ற துறவி செதுக்கிய நூல் அட்டை அது. கரடியின் முன்னங்கால்கள் ரொட்டியை வாங்குகிற விதத்தைப் பாருங்கள், அத்தனை பணிவு.

அப்புறம் பேராலயம். காலுஸின் மணி என்று ஒரு பழைய அயர்லாந்துக் கைமணி அங்கே இருக்கிறது, தேடிப் பாருங்கள். நான் அதன் முன்னால் உட்கார்ந்து குரு போட்ட அந்தத் திருப்பலித் தடையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 615-இல் இத்தாலியின் பொப்பியோவில் இறக்கும்போது, மன்னித்ததற்கு அடையாளமாகக் குரு தன் கைத்தடியை காலுஸுக்குக் கொடுக்கச் சொன்னாராம். காலுஸின் சீடர் ஒருவர் போய் அதை வாங்கி வந்தார்.