பழைய இரும்பு மிஷினா, புதிய ஜிக்ஜாக் மிஷினா?

கிழிந்ததைத் தைக்க, பழைய புடவைகளில் குவில்ட் (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) போட மலிவாக ஒரு மிஷின் வேண்டும். பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் வரும், நேர்தையல் போடும் கறுப்பு இரும்பு மிஷினா, கடையில் ஊசி இடம் வலம் ஆடி நெளிநெளியாகவும் தைக்கும் புதிய ஜிக்ஜாக்கா என்று குழம்புகிறீர்களா?

விலை: பழையது பெரும்பாலும் மலிவு, சர்வீஸ் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.
புதியதற்கு வாரண்டி உண்டு.

உழைப்பு: பழையதுதான், சந்தேகமே இல்லை. எண்ணெய் விட்டால் பாட்டி மிஷின் பேத்திக்கும் ஓடும்.

குவில்ட்: இரண்டு துணி, நடுவில் பஞ்சு, மூன்றும் ஒன்றாக நகராவிட்டால் மேல்துணி சுருங்கிவிடும், அதற்கு மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற பாதத்தை மாட்ட வேண்டும், பெரும்பாலும் இரண்டிலும் மாட்டலாம். ஆனால் நேர்தையலின் அழகு பழையதில்தான். வளைத்து வளைத்துத் தைக்க ஆசையென்றால், துணியை நகர்த்தும் பற்களைக் கீழே இறக்க முடியுமா என்று கேட்டு வாங்குங்கள்.

கிழிசல் தைப்பது: டீ சட்டை, லெக்கிங்ஸ் எல்லாம் இழுபடும், நேர்தையல் பட்டென்று அறுந்துவிடும். இங்கே ஜிக்ஜாக்தான்.

இடம்: சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் இரும்பு மிஷினை அலமாரியிலிருந்து அடிக்கடி தூக்கினால் இடுப்பு போய்விடும். அப்புறம், அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் 120 வோல்ட். நம் 230இல் நேராகச் செருகினால் மோட்டார் கருகும்.

கிழிசல் தைக்கும் வேலைதான் அதிகம் என்றால் புதியது. மிஷினுக்கென்றே ஒரு மேசை இருக்கிறது, குவில்ட்தான் உயிர் என்றால் பழையது. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் நான் புதியதையே சொல்வேன், மனசில்லாமல்.