காரைக்குடியில் முதுகுவலிக்கு ஷாக்வேவ்: மெஷினுக்கு இரண்டு ஸ்டார், பிசியோவுக்கு ஐந்து

காரைக்குடி நூறடி ரோட்டுப் பக்கம் ஒரு பிசியோதெரபி சென்டரில் நாள்பட்ட முதுகுவலிக்கு ஷாக்வேவ், அதாவது அதிர்வலைச் சிகிச்சை, வைத்துக்கொண்டேன். பட்டறையில் ஆளாளுக்கு விசாரிக்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். குறையும் சொல்லப்போவதால் சென்டர் பெயரைப் போடவில்லை.

எனக்கு ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கிற டைல்ஸ், செய்கிற வேலை. கண்ணாடி மேல் கலர் ஊற்றி, சிமெண்ட் கலவை போட்டு, காய்ந்ததும் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி என்று நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற பிழைப்பு. வலி இடுப்போடு நிற்கும், காலுக்கு இறங்காது, ஆனால் காலையில் பாயை விட்டு எழுந்திருக்கவே ஒரு கை பிடிமானம் வேண்டும். தைலம், மாத்திரை, பெல்ட் எல்லாம் பார்த்தாயிற்று.

சென்டர் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. முதுகுவலிக்காரனைப் படியேற வைத்து வைத்தியம் பார்க்கிற யோசனை யாருடையதோ தெரியவில்லை. ஏறியதும் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் பேக்கேஜ் பேச ஆரம்பித்துவிடுவார். "கிட்னிக் கல்லையே உடைக்கிற மெஷின் சார், முதுகுவலியெல்லாம் எம்மாத்திரம்" என்றார். 1980இல் ஜெர்மனியில் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்கத்தான் இந்த அதிர்வலை முதலில் மனிதர்களுக்குப் பயன்பட்டது, அது உண்மை. ஆனால் இங்கே இருப்பது ரேடியல் வகை. கைப்பிடிக்குள் ஒரு சின்ன உலோகக் குண்டு காற்றழுத்தத்தில் பாய்ந்து முனையில் மோதும், அந்த அதிர்வு மேல்தசை வரைக்கும் போகும், ஆழம் போகப் போக வலு குறைந்துவிடும். கல்லை உடைக்கிற மெஷினோடு இதைச் சேர்த்துப் பேசுவது வியாபாரப் பேச்சு.

கரண்ட் பாய்ச்சுவார்களோ என்று பயப்பட வேண்டாம், அப்படி எதுவும் இல்லை. குப்புறப் படுக்க வைத்து, ஜெல் தடவி, டக் டக் டக் என்று அடிப்பார்கள். இறுகிய இடத்தில் படும்போது பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும், சொன்னால் அழுத்தத்தைக் குறைப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இறங்கி நடக்கும்போது இடுப்பு லேசாக இருக்கும், ஒன்றிரண்டு நாள் சுகம், அப்புறம் பழைய கதை. ஒவ்வொரு முறையும் இப்படித்தான்.

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. குதிகால் வலிக்கும், தோளில் சுண்ணாம்பு படிந்து வருகிற வலிக்கும் இந்தச் சிகிச்சை பலன் தருவதாக ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. நாள்பட்ட முதுகுவலிக்கு நடந்திருப்பவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள், அதை வைத்துக்கொண்டு "குணமாகும்" என்று பேக்கேஜ் விற்பது அநியாயம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் இந்த வலிக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சியை ஆதரிக்கிறது, பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வேண்டாம் என்கிறது. இந்த சென்டரிலோ பெல்ட்டுகள் கண்ணாடி அலமாரியில் வரிசையாகத் தொங்குகின்றன!

சரி, ஐந்து ஸ்டார் எதற்கு? உள்ளே இருக்கிற பிசியோ தம்பிக்கு. மெஷினைத் தொடுவதற்கு முன்னால் காலைத் தூக்கிப் பார்த்து, மரத்துப்போகிறதா, சிறுநீர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, காய்ச்சல், எடை குறைவு உண்டா என்று எல்லாம் கேட்டார். நான் காத்திருந்தபோது தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார், முன்னால் பேக்கேஜுக்குப் பில்லே போட்டுவிட்டார்கள்.

"ஆச்சி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுறீகளா?"

"ஆமாப்பா, நெஞ்சுக்குக் குடுத்திருக்காக."

"அப்ப இது உங்களுக்கு வேண்டாம் ஆச்சி."

அதோடு நிற்காமல் வெளியே வந்து பில்லையும் ரத்து செய்ய வைத்தார். சம்பளம் வாங்குகிற இடத்தில் இதைச் செய்ய மனசு வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், வலிக்கிற இடத்தில் புற்றுநோய்க் கட்டி இருப்பவர்களுக்கும்கூட இதை வைக்கக்கூடாது, முன்னால் இருக்கிற பெண் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

எனக்கு அவர் கொடுத்தது மூன்று பயிற்சி: மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் தூக்குவது, மண்டியிட்டுக் கையூன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, தினமும் நடை. அதோடு கல்லை உடம்போடு ஒட்டித் தூக்கச் சொன்னார், ஒரே குனிவில் மணிக்கணக்கில் இருக்காமல் வேலையை மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னார். வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் இப்போது காலையில் பிடிமானம் இல்லாமல் எழுந்திருக்கிறேன். ஷாக்வேவை நிறுத்தின பிறகும் அப்படியே இருக்கிறது, அதனால் இது பயிற்சியின் கணக்கு என்றுதான் நினைக்கிறேன்.

ஷாக்வேவ் ஒரு தடவைக்கு 800 ரூபாய், ஆலோசனைக்கு 300. போகிறவர்கள் 300 மட்டும் கட்டி, பயிற்சி கற்றுக்கொண்டு வாருங்கள். அதிர்வலையும் பார்க்க ஆசை என்றால் ஒரு தடவைக்கு மட்டும் காசு கொடுங்கள், பேக்கேஜுக்குத் தலையாட்டாதீர்கள். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் கோளாறு வந்தாலோ இந்தப் படியே ஏற வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.