கன்னுக்கு "நல்ல பாக்டீரியா" பவுடர்: 18,000 போச்சு, கன்னும் போச்சு

நேத்துதான் புதைச்சேன். கோபம் அடங்குறதுக்குள்ள எழுதிடுறேன்.

கால்நடைச் சத்துப்பொருள் விக்கிற ஒரு ஆன்லைன் கடை. குடலுக்கு நல்லதுன்னு பால்ல கலந்து குடுக்கிற பாக்டீரியா பவுடர், ஆறு கன்னுக்கு ஒரு மாசக் கோர்ஸ், 18,000 முழுசா முன்னாடியே கட்டினேன். ஏன் நம்பினேன்னா, கட்டுறதுக்கு முன்னாடி அவங்க ஆள் போன் பண்ணி ஒவ்வொரு கன்னோட வயசையும் கேட்டார். பிறந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடிச்சுதான்னு கேட்டார். சும்மா பவுடர் விக்கிறவன் சீம்பாலைப் பத்தியா கேப்பான்? விஷயம் தெரிஞ்சவர்னு நினைச்சுட்டேன். "முப்பது நாள்ல எடை ரெண்டு மடங்கு, நான் கேரண்டி சார்." நல்லா வளர்ற கன்னுக்கே பிறந்த எடை ரெட்டிப்பாக ரெண்டு மாசம் கிட்ட ஆகும். அது தெரிஞ்சும் கட்டினேன்.

ஒன்பதாம் நாள் சின்னக் கன்னுக்குத் தண்ணியாக் கழிச்சல். போன் பண்ணினா, "கெட்ட கிருமி வெளிய போகுது, நல்ல அறிகுறி, பவுடரை ரெட்டிப்பாக் குடுங்க"ன்னார். ரெண்டு நாள் அந்தப் பேச்சைக் கேட்டு உக்காந்திருந்தேன். டாக்டர் வந்தப்போ கண்ணு குழிவிழுந்து கிடந்துச்சு. தோலைக் கிள்ளி விட்டா அப்படியே நின்னுச்சு. உடம்புல நீர் வத்தித்தான் செத்துச்சு. உப்புக்கரைசலை முதல் நாளே குடுத்திருக்கணும்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்ததே டாக்டர்தான். எந்த பாக்டீரியான்னு பேர் இல்ல. ஒரு கிராமுல எத்தனை உயிரோட இருக்குன்னு இல்ல. காலாவதி தேதி மேல இன்னொரு ஸ்டிக்கர். லாக்டோபேசில்லஸ்ங்கிற வகையா இருந்தா சூட்டுல செத்துடும், பேசில்லஸ்ங்கிற வகை கெட்டியான விதை மாதிரி (ஸ்போர்) மாறித் தாக்குப்பிடிக்கும், இதுல எதைன்னு நம்புறதுன்னு கேட்டார். நல்ல சரக்காவே இருந்தாலும் கழிச்சலை ஓரளவு குறைக்கும், ஆரோக்கியமான கன்னுல எடை வித்தியாசம் பல சமயம் தெரியவே தெரியாதாம்.

18,000ஐத் திருப்பிக் கேட்டேன். முதல்ல "பாலைச் சூடாக் கலந்திருப்பீங்க". அடுத்த நாள் "உங்க தண்ணியில குளோரின்". மூணாவது தடவை "ஆன்டிபயாடிக் ஊசி போட்டு எங்க பாக்டீரியாவைக் கொன்னுட்டீங்க". ஊசி போட்டதே பதினோராம் நாள்தான்யா! கடைசியா, அடுத்த கோர்ஸுக்குத் தள்ளுபடி தர்றாங்களாம். கன்னு செத்த வீட்டுல வந்து தள்ளுபடி பேசுறாங்க. இப்போ என் நம்பரை எடுக்கிறதே இல்ல. 18,000.

எப்படிப் பாத்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், முடியல. பேரும் எண்ணிக்கையும் இல்லாத பாக்கெட்டைத் தொடாதீங்க. முழுப் பணமும் முன்னாடியே கட்டாதீங்க. கழிச்சல்னா விக்கிறவனுக்கு இல்ல, டாக்டருக்குப் போன் பண்ணுங்க. இன்னொரு கன்னுக்கும் காலையில இருந்து சாணி இளகியிருக்கு. போய்ப் பாக்கணும்.