31-ஆம் நம்பர் போலீஸ் பிஸ்டல்: அஞ்சு வருஷம், நாலாயிரம் ரவுண்டுக்கு அப்புறம்

மேகசினோட (தோட்டா அடுக்கற பெட்டி) அடியில வெள்ளையா 31-ன்னு எழுதியிருக்கு. நெயில் பாலிஷ் மாதிரி ஏதோ ஒண்ணுல தீத்தி விட்ட எழுத்து, 1 மட்டும் லேசா சாஞ்சு நிக்கும். ஏதோ ஒரு ஊர் போலீஸ்ல 31-ஆம் நம்பர்காரரோட இடுப்புல வருஷக்கணக்கா தொங்கின பிஸ்டல் இது, எந்த ஊரு, யாரு, ஆம்பளையா பொம்பளையா ஒண்ணும் தெரியாது. 2019 கடைசியில இது என் கைக்கு வந்துச்சு, இப்ப அஞ்சு வருஷம் தாண்டியாச்சு, நோட்டுல எழுதி வச்ச கணக்குப்படி நாலாயிரத்து முந்நூறு சொச்சம் ரவுண்டு சுட்டிருக்கேன். ஹூஸ்டன் பக்கம் இருக்கற நம்மாளுங்க சிலர் "போலீஸ் பழசு வாங்கலாமா"ன்னு அடிக்கடி கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன்.

ஆளு சிக் சாவர் பி229, பாயிண்ட் 40 கேலிபர், அதாவது குண்டோட தடிமன் 0.40 அங்குலம். கம்பெனியே போலீஸ்கிட்ட இருந்து திரும்ப எடுத்து, பிரிச்சுப் பாத்து, ஸ்பிரிங் பின்னெல்லாம் மாத்தி, மேல முன்னும் பின்னும் ஓடற ஸ்லைடுக்கு புதுசா கோட்டிங் குடுத்து வித்தது. புதுசு அப்ப ஆயிரம் டாலர் பக்கம், எனக்கு இது 479-க்கு கிடைச்சுது.

ஏன் இவ்ளோ சல்லிசுன்னு கேட்டா அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1986 ஏப்ரல்ல மயாமில ரெண்டு பேங்க் கொள்ளைக்காரங்களுக்கும் எஃப்.பி.ஐ ஆளுங்களுக்கும் நடுரோட்டுல சண்டை, எஃப்.பி.ஐ பக்கம் ரெண்டு பேர் செத்துட்டாங்க. கொள்ளைக்காரன் ஒருத்தன் மேல ஆரம்பத்துலயே ஒரு 9 எம்.எம். குண்டு பாஞ்சுது, ஆனா இதயத்துக்கு கொஞ்சம் முன்னாடியே நின்னுடுச்சு, அவன் அதுக்கப்புறமும் சுட்டுக்கிட்டே இருந்தான். எஃப்.பி.ஐ 9 எம்.எம். பத்தாதுன்னு முடிவு பண்ணி 10 எம்.எம்.க்குப் போனாங்க, அது பல பேர் கைக்கு அடங்கல, அந்தத் தோட்டாவோட பித்தளை கேஸையே குட்டையாக்கி 1990-ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து கொண்டு வந்ததுதான் இந்த 40. நாடு பூரா போலீஸ் இதை வாங்கிக் குவிச்சாங்க. அப்புறம் 9 எம்.எம். குண்டோட டிசைன் நல்லா முன்னேறிடுச்சு, 2015 வாக்குல எஃப்.பி.ஐ திரும்ப 9-க்கே போயிடுச்சு, அவங்க பின்னாடியே ஒவ்வொரு ஊர் போலீஸும். பழைய பாத்திரத்தைப் போட்டு புதுசு வாங்கற மாதிரிதான், பழைய 40 எல்லாத்தையும் குடுத்து புதுசுக்கு விலையைக் குறைச்சுக்குவாங்க. அதான் மார்க்கெட்ல 40 கொட்டிக் கிடக்கு.

இதுல பி229-தான் வேணும்னு நான் நின்னதுக்கும் காரணம் இருக்கு. இதுக்கு முன்னாடி வந்த பி228-ல ஸ்லைடு தகடை மடிச்சு செஞ்சது, 40-ஓட அடியை அது தாங்காதுன்னு முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல கடைஞ்சு ஸ்லைடு போட்டதுதான் பி229. அதாவது 9-க்கு செஞ்சதை இழுத்துப் பிடிச்சு 40 ஆக்கினது இல்ல. சீக்ரெட் சர்வீஸ், கோஸ்ட் கார்டு எல்லாம் வச்சிருந்த மாடல்.

வாங்கற படலம். ஆன்லைன்ல காசு கட்டினாலும் வீட்டுக்கு வராது, லைசென்ஸ் உள்ள கடைக்குத்தான் வரும், அங்க போய் 4473-ன்னு ஒரு ஃபார்ம் நிரப்பணும், கடைக்காரர் எஃப்.பி.ஐ-க்கு பேக்ரவுண்ட் செக் போடுவார். பிஸ்டலுக்கு 21 வயசு ஆகியிருக்கணும். எச்1பி-ல இருக்கறவங்க கவனிங்க, உங்களுக்குப் பொதுவா இது ஆகாது, வாங்கறது மட்டுமில்ல கையில வச்சிருக்கறதுக்கே ஃபெடரல் சட்டத்துல தடை, ஹன்ட்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, ஆனா ஃப்ரெண்டு சொன்னான்னு இறங்காம வக்கீல்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க. கிரீன் கார்டு வந்துட்டா வாங்கலாம், கார்டுல இருக்கற ஏ நம்பரை ஃபார்ம்ல போடணும். எனக்கு வில்லங்கம் வேற ரூபத்துல வந்துச்சு. அப்பா பேரு லாஸ்ட் நேமா, என் பேரு லாஸ்ட் நேமாங்கற நம்ம பிறவிப் பிரச்சினை இருக்கே, டிரைவிங் லைசென்ஸ்ல ஒரு மாதிரி, கிரீன் கார்டுல ஒரு மாதிரி, அதாலதானோ என்னமோ "டிலேய்டு"ன்னு பதில் வந்துடுச்சு. மூணு வேலை நாள் போச்சுன்னா கடைக்காரர் இஷ்டப்பட்டா குடுக்கலாம், இவர் குடுத்தார், ஆனா டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் 25-ன்னு சொல்லிட்டு கடைசியில ஸ்டோரேஜ்னு இன்னொரு 20 சேத்துட்டார். மூணு நாள் ஒரு டப்பா அலமாரில இருந்ததுக்கு வாடகை! கடை பேரு வேணாம், ஃபீஸ் என்னென்னன்னு முன்னாடியே எழுதி வாங்கிக்கங்க, அவ்ளோதான்.

டப்பாவைத் திறந்தா ஸ்லைடு புதுப் பொண்ணு மாதிரி கருகருன்னு பளபளக்குது, கீழ ஃபிரேம்ல மட்டும் வலது பக்கம் ஓரமா கருப்பு போய் அலுமினியம் வெள்ளையா தெரியுது. உறையில ஏறி இறங்கி, ரோந்து கார்ல சீட் பெல்ட் பக்கிள்ல இடிச்சு இடிச்சு தேய்ஞ்சது. போலீஸ் துப்பாக்கின்னா சுமந்தது ஜாஸ்தி, சுட்டது கம்மின்னு சொல்லுவாங்க, அது இங்க நூத்துக்கு நூறு சரி. ஸ்லைடை கழட்டி உள்ள பாத்தா அது ஓடற ரெயில்ல கோட்டிங் அப்படியே இருக்கு, பேரல் (குழல்) உள்ள கண்ணாடி. வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ குவாலிஃபிகேஷன்னு போலீஸுக்கு வைக்கற சுடற டெஸ்ட்டுக்கு மட்டும் வெளிய எடுத்திருப்பாங்க போல.

மூணு மேகசின் குடுத்தாங்க, ஒவ்வொண்ணும் 12 ரவுண்டு. அதுல "போலீஸ், அரசாங்க உபயோகத்துக்கு மட்டும்"ங்கற மாதிரி இங்கிலீஷ்ல பொறிச்சிருந்ததைப் பாத்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, ஐயய்யோ கேஸ் ஆகிடுமோன்னு. 1994-ல இருந்து 2004 வரைக்கும் பத்து ரவுண்டுக்கு மேல புடிக்கற புது மேகசின் பொதுஜனத்துக்குக் கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு, அந்தக் காலத்து முத்திரை அது. சட்டம் 2004 செப்டம்பர்லயே காலாவதி. டெக்சாஸ்ல பிரச்சினை இல்ல, கலிஃபோர்னியா மாதிரி ஊர்ல கதை வேற.

முதல் நாள் ரேஞ்ச் (சுடற மைதானம்) அனுபவத்தை மறைக்காம சொல்றேன். எனக்கு முன் அனுபவம்னா காலேஜ் என்.சி.சி-ல குப்புறப் படுத்து .22 ரைஃபிள்ல சுட்ட அஞ்சு ரவுண்டும், தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கியும்தான். பி229-ல முதல் ரவுண்டுக்கு ட்ரிகரை முழுசா இழுக்கணும், பத்து பவுண்டு கனம், இழுக்க இழுக்க போயிட்டே இருக்கும், அதுக்கப்புறம் வர்ற ரவுண்டெல்லாம் நாலரை பவுண்டுக்குள்ள, விரல் பட்டாலே போயிடும். ஏழு கெஜத்துல முதல் குண்டு இடது பக்கம் கீழ அட்டையோட ஓரத்துல, ரெண்டாவது நான் ரெடியாகறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. 40-ஓட கிக் தள்ளற மாதிரி இருக்காது, சுள்ளுன்னு மணிக்கட்டை மேல தூக்கி விடும். அதுலயே ஒரு சூடான பித்தளை கேஸ் பறந்து வந்து சட்டைக் காலருக்குள்ள இறங்கிடுச்சு. அந்த நேரத்துல துள்ளிக் குதிச்சு துப்பாக்கியை அங்க இங்க திருப்பிடாம, வாயை இலக்குப் பக்கமே வச்சு, மெதுவா கீழ வச்சுட்டு அப்புறமா கழுத்தைத் தடவினேன். கழுத்துல ரெண்டு வாரம் தழும்பு. இப்ப காலர் இல்லாத டி ஷர்ட் மட்டும்தான், ஆகஸ்ட் வெயில்லயும் கழுத்து மூடின மாதிரி.

அந்த நீளமான ட்ரிகரைப் பழக்க வழி ஒண்ணுதான். வீட்டுல, தோட்டா எல்லாத்தையும் வேற ரூம்ல வச்சுட்டு, சேம்பர் (தோட்டா உக்கார்ற இடம்) காலியான்னு ரெண்டு தடவை பாத்துட்டு, டம்மி ரவுண்டு போட்டு சும்மா இழுத்துப் பழகறது, குறி பாக்கற முன் சைட் ஆடக் கூடாது. தினம் பத்து நிமிஷம், ஆறு மாசம் ஆச்சு. இப்ப பதினஞ்சு கெஜத்துல முதல் குண்டும் மத்தது கூடவே ஒரு சாசர் அளவுக்குள்ள விழும். துப்பாக்கி என்னை விட நல்லா சுடும், அதுல சந்தேகமே இல்ல.

2020-ல தோட்டா பஞ்சம் வந்துச்சு பாருங்க, அம்பது ரவுண்டு டப்பா பதினாறுக்கு வாங்கினது நாப்பதுக்கும் கிடைக்கல, அந்த வருஷம் மொத்தமே இருநூறு ரவுண்டுதான் சுட்டேன். இப்பவும் 9 எம்.எம்.மை விட 40 விலை ஜாஸ்திதான், துப்பாக்கில மிச்சம் புடிச்ச காசை தோட்டாக்காரன்கிட்ட கொண்டு போய் குடுக்கறோம். இதை யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க.

மாத்தினது ரெண்டே ரெண்டு. ராத்திரியில ஒளிர்ற சைட்ல இருக்கற டிரிட்டியம் 12 வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாக் குறையும், என்னோடதுல இருட்டுல கண்ணை இடுக்கிப் பாத்தா ஏதோ மின்மினிப் பூச்சி சாகக் கிடக்கற மாதிரி இருந்துச்சு, புது செட் போட்டேன், நூறு டாலருக்கு மேல ஆச்சு. ரீகாயில் ஸ்பிரிங் ஒண்ணு மூவாயிரம் ரவுண்டுல மாத்தினேன், சும்மா முன்ஜாக்கிரதைக்கு. அலுமினியம் ஃபிரேம்ங்கறதால ரெயில் காயவே கூடாது, நான் ஒவ்வொரு தடவையும் கிரீஸ் வைக்கறேன், எண்ணெய் எங்க ஊர் வெயிலுக்கு வடிஞ்சு ஓடிடுது.

நடுவுல ஆசைப்பட்டு 357 சிக் பேரல் ஒண்ணு வாங்கினேன். பேரல் மட்டும் மாத்தினா போதும், அதே மேகசின், அதே ஸ்பிரிங், கழுத்து ஒடுங்கின பாட்டில் மாதிரி கேஸ். சத்தம் இருக்கே, இண்டோர் ரேஞ்ச்ல பக்கத்து லேன்ல இருந்த பெரியவர் சுடறதை நிறுத்திட்டு எட்டிப் பாத்தார். தோட்டா விலை 40-க்கும் மேல. மொத்தம் ரெண்டு டப்பா சுட்டேன், பேரல் இப்ப டிராயர்ல தூங்குது.

வீட்டுல பையன் இருக்கான், அதனால விரல் ரேகை பூட்டு இல்லாம எண் பூட்டு சேஃப், தரையில போல்ட் போட்டது, தோட்டா தனி. எடைய பத்தியும் சொல்லணும், தோட்டா நிரப்பினா ஒரு கிலோவுக்கு மேல, இடுப்புல வச்சுக்கிட்டு ஊர் சுத்தறேன்னு வாங்கினா வருத்தப்படுவீங்க, ரேஞ்சுக்கும் வீட்டுக்கும் சரி. அம்மாகிட்ட போன்ல சொன்னப்ப, "ஏண்டா, லட்சுமி வெடிக்கே காதைப் பொத்திக்கிட்டு கொல்லைப்பக்கம் ஓடுவ, உனக்கெதுக்குடா துப்பாக்கி"ன்னாங்க. இப்பவும் ரெண்டு அடுக்கு காதடைப்பு போட்டுட்டுத்தான் சுடறேன்.

கோளாறுன்னு வந்தது ஒரே விஷயத்துல. மூணு மேகசின்ல ரெண்டுலதான் 31, மூணாவதுல அதே வெள்ளை எழுத்துல 18. அந்த 18-ல மட்டும் கடைசி ரெண்டு ரவுண்டு மூக்கைக் குத்திக்கிட்டு நிக்கும், ஸ்லைடு பாதியில மாட்டிக்கும். அடித் தகட்டைக் கழட்டினா உள்ள பஞ்சும் மண்ணும், நடுவுல நீல யூனிஃபார்ம் நூல் ஒரு துண்டு. சுத்தம் பண்ணி புது ஸ்பிரிங் போட்டும் சரியாகல, தோட்டாவைப் புடிச்சு நிறுத்தற மேல் விளிம்பை, அதாவது உதட்டை, வெளிச்சத்துல வச்சுப் பாத்தா ஒரு பக்கம் லேசா விரிஞ்சிருக்கு, எப்பவோ தார் ரோட்டுல விழுந்திருக்கணும். என் யூகம் என்னன்னா, 18-ஆம் நம்பர் ஆளு ஏதோ ஒரு ரேஞ்ச் நாள்ல கூட்டத்தோட கூட்டமா இதை 31 தலையில கட்டிட்டு நல்ல மேகசினைத் தூக்கிட்டுப் போயிட்டார். அந்த 31 ரிட்டயர் ஆகற வரைக்கும் இதைக் கவனிச்சாரா இல்லையான்னு தெரியல. நான் அதுல சிவப்பு டேப் சுத்தி, ஜாம் ஆனா எப்படி எடுக்கறதுன்னு பழகறதுக்கு மட்டும் வச்சிருக்கேன், அந்த வேலைக்கு அதை மிஞ்சின மேகசின் கிடையாது.