தகடு எங்களுடையது, பம்ப் எங்களுடையது இல்லை

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய பஸ், லோரி வைத்திருப்பவர்கள் டீசல் பம்ப்பைக் கழற்றி யாரிடமாவது கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை இன்னும் வரவில்லை.

எங்களுடையது அப்பா ஓட்டிய பழைய பென்ஸ் பஸ். தோட்டத்துப் பிள்ளைகளை மகாத்மா காந்தி கலாசாலைக்கு ஏற்றிப்போன வண்டி. ரப்பர் போய் செம்பனை வந்து, லயங்கள் காலியான பிறகு ஏற்ற ஆளில்லாமல் கொட்டகையில் நின்றுவிட்டது. அப்பா தவறிய பிறகு பழைய இரும்பு வாங்கும் பெசி புரோக்காரர் இரண்டு முறை வந்து விலை கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. சரி, ஆயுத பூஜைக்காவது ஒரு சுற்று ஓட்டுவோம் என்று வேலையை ஆரம்பித்தேன். ஓஎம் 352 இன்ஜின், ஆறு சிலிண்டர், 5,675 சிசி. இன்ஜினில் கோளாறு இல்லை. இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் போஷ் பம்ப் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஈப்போ போகிற வழியில் ஒரு பட்டறை. தமிழர்தான், மரியாதையாகப் பேசினார். “விட்டுட்டுப் போங்க தம்பி, ஒரிஜினல் பம்ப், நான் பாத்துக்கிறேன்” என்றார். ரிசீட்டில் ‘டீசல் பம்ப் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதினார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து 2,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டி வாங்கி வந்தேன். புதுசாக வெள்ளிப் பெயின்ட் பளபளத்தது. அப்பா வருஷா வருஷம் வைத்த சந்தனமும் குங்குமமும் மூலைமுடுக்கில் படிந்து கிடக்கும், அதைக் காணோம். கழுவியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

வண்டி ஸ்டார்ட் ஆனது, ஐடிலும் சுத்தம். மேட்டில் ஏறும்போதுதான் கரும்புகை. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் ஓரங்கட்டி நின்றுவிட்டார். பட்டறைக்காரருக்குப் போன் செய்தால், “பழைய வண்டிதானே தம்பி, புகை வரத்தான் செய்யும்” என்றார்.

கோலகங்சாரில் வேலையை விட்டு ஓய்வாக இருக்கும் பழைய பொமன் (மெக்கானிக்) ஒருவரிடம் கொண்டுபோனேன். பம்ப்பைத் திறக்கவே இல்லை, அதன் மேலே இருக்கும் போஷ் எண் தகட்டில் விரலை வைத்தார். “இது ரிவெட்டுல இருக்கணும், ஸ்க்ரூ எப்படி வந்துச்சு?” அப்புறம்தான் திறந்தார். தகட்டில் பிஇஎஸ் 6ஏ 85 என்று இருக்கிறது. 6 என்பது சிலிண்டர், ஏ என்பது பம்ப்பின் அளவு, 85 என்றால் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சரின் விட்டம் 8.5 மில்லிமீட்டர். உள்ளே அளந்தால் 9 மில்லிமீட்டர். ஒவ்வொரு அடிக்கும் டீசல் கூடுதலாகப் போகிறது, எரியாத மிச்சம் புகையாக வெளியே வருகிறது. இப்படியே சுமை ஏற்றி ஓட்டினால் பிஸ்டனே உருகும் என்றார்.

எனக்கு அப்போது வேறொன்று ஞாபகம் வந்தது. பம்ப்பில் டீசல் வெளியே போகும் மூன்றாவது குழாய் வாய்க்குப் பக்கத்தில் அப்பா அரத்தால் மூன்று கோடு போட்டிருப்பார். சின்ன வயதில் அதைத் தடவிப் பார்த்திருக்கிறேன். பிளேடால் பெயின்ட்டைச் சுரண்டினேன். ஒரு கோடும் இல்லை. எங்கள் தகட்டைக் கழற்றி யாருடைய பம்ப்பிலோ மாட்டியிருக்கிறார்கள்.

பிளஞ்சர் தேய்ந்திருந்தால் மாற்றலாம், அதில் தப்பே இல்லை. பிளஞ்சரும் அது ஓடும் உருளையான பேரலும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தப்பட்டவை. இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். அதனால் மாற்றினால் ஜோடியோடு மாற்ற வேண்டும், ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் பேரலில் போடக் கூடாது. ஆனால் வெளிக்கூடு அதேதான் இருக்க வேண்டும். கழற்றிய பழைய ஜோடிகளை ஒரு டப்பாவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பம்ப்பை ஓட்டி அளந்து பார்க்கும் டெஸ்ட் பெஞ்சில் ஆறு வாயிலும் எத்தனை சிசி வந்தது என்ற தாளையும் கேளுங்கள். எனக்கு இரண்டுமே கிடைக்கவில்லை, கேட்க வேண்டும் என்றும் தெரியவில்லை. தகட்டை மட்டும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். கழற்றி மாட்ட முடிகிற பொருளின் போட்டோவால் என்ன பிரயோஜனம்? கூட்டிலேயே வார்த்த எண்ணை எடுத்திருக்க வேண்டும், அதை ரிசீட்டிலும் எழுத வைத்திருக்க வேண்டும்.

பட்டறைக்குத் திரும்பிப் போய்க் கேட்டபோது அவர் முகம் மாறவில்லை. “எல்லாம் ஒரே பம்ப்தான், ஓடுதில்ல?” என்றார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்தேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். பணம் வந்தால் வரட்டும்.

பழைய போஷ் ஆறு வாய் பம்ப் ஒன்றை யாராவது உங்களிடம் விற்க வந்தால், தகடு இல்லாமலோ புதுத் தகட்டோடோ இருந்தால், மூன்றாவது வாய்க்குப் பக்கத்தில் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். மூன்று கோடு, நடுவில் உள்ளது சற்று நீளம். இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், நீங்கள் கொடுத்த விலையை நான் தருகிறேன்.