27 வருடமாகப் பந்து பார்த்தவனின் அனுபவம்

ரைஸ் குக்கர், மோட்டார் சைக்கிள் என்று வாங்கிய பொருளுக்கு ஆளாளுக்கு அனுபவம் எழுதுகிறார்கள். நான் காற்பந்துக்கு எழுதுகிறேன், அதாவது டிவியில் காற்பந்து பார்ப்பதற்கு. 1998 உலகக் கிண்ணத்திலிருந்து பார்க்கிறேன். இடம் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், முதலில் ரப்பர் தோட்டத்து லயம், அப்புறம் டவுன் பக்கம் ஒரு தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி. "இப்பல்லாம் பந்து பார்க்கவே தோணலண்ணே" என்று சொல்லும் ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். எனக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது, ஏன் என்று கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன்.

முதலில் விலை. மாதச் சந்தாவைச் சொல்லவில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன். நம் நாட்டில் ஐரோப்பியப் பந்தாட்டத்துக்கு விலை தூக்கம்தான். இங்கிலாந்தில் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஆடுவது நமக்கு இரவு பத்து, அங்கே குளிர்காலம் என்றால் பதினொன்று. அதைச் சமாளித்துவிடலாம். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் விடிகாலை மூன்று, குளிர்காலத்தில் நான்கு. அந்த நேரத்தில் எழுந்து உட்காருபவன் சும்மா பொழுதுபோக்குக்கு உட்காரவில்லை.

1999 மே 27 விடிகாலை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் பாயர்ன் மியூனிக்குக்கும் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். பெரிய டிவி இருந்தது தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி வீட்டில்தான். உள்ளே இடம் இல்லை, நாங்கள் பத்துப் பேர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றோம், கொசுக்கடி வேறு. ஆறாவது நிமிடத்திலேயே பாயர்ன் ஒரு கோல் போட்டுவிட்டது. அதோடு 90 நிமிடமும் ஓடிவிட்டது, பாதிப் பேர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது யுனைடெட்டின் ஷெரிங்ஹாம் ஒன்று போட்டார், வாயை மூடுவதற்குள் சோல்ஷார் இன்னொன்று. நாங்கள் கத்திய கத்தலில் லயத்து நாய் அத்தனையும் குரைத்தது, கிராணி வீட்டு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். அப்பா படுக்கவே இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, மரம் சீவும் கத்தியை எடுத்துக்கொண்டு நேராகப் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போனார். அன்று மத்தியானம் பால் நிறுக்கும் இடத்திலும் அதே பேச்சுதானாம், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் உட்பட.

இருபது வருடம் கழித்து, 2019 ஏப்ரல். மான்செஸ்டர் சிட்டிக்கும் டோட்டன்ஹாமுக்கும் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. இந்த முறை மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, பெரிய திரை. முதல் 11 நிமிடத்தில் நான்கு கோல், சாப்பிட்ட மாகி கோரெங் நூடுல்ஸ் எங்கே போனதென்றே தெரியவில்லை. தங்கை வீட்டுக்காரர் சிட்டி ரசிகர். 93-ஆவது நிமிடத்தில் ஸ்டெர்லிங் போட்ட கோலுக்கு மாப்பிள்ளை நாற்காலி மேலே ஏறிவிட்டார், பக்கத்து மேசைத் தே தாரிக் டீ என் சட்டையில். பார்த்தால், வார் (VAR) பார்க்கிறார்களாம், அதாவது வீடியோவைத் திரும்பப் போட்டு நடுவர் சரிபார்ப்பது. சிட்டியின் அகுவேரோ ஆஃப்சைடு, அதாவது எதிரணித் தடுப்பைத் தாண்டி முன்னால் நின்றுவிட்டார், கோல் இல்லை. ஏறிய மனுஷன் நாற்காலியிலிருந்து இறங்கத் தெரியாமல் நின்ற அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். "மச்சான், இனிமே நான் கத்தவே மாட்டேன்" என்றார். சொன்ன மாதிரியே இன்றுவரை கத்துவதில்லை. கோல் விழுந்தால் உட்கார்ந்தபடியே, வார் என்று வருகிறதா என்று திரையின் மூலையைப் பார்க்கிறார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அது ஆஃப்சைடுதான். வார் வந்ததால் தீர்ப்பு பெரும்பாலும் சரியாகிறது, யாரும் ஏமாறவில்லை. 2024-ல் அதை எடுத்துவிடலாம் என்று வுல்வ்ஸ் கிளப் கேட்டபோது இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கிளப்புகள் 19-க்கு 1 என்று தூக்கிப் போட்டுவிட்டன. கிளப்புக்குப் பணம் போகும் விஷயம், அவர்கள் கணக்கு அவர்களுக்கு. ஆனால் நான் தூக்கத்தைக் கொடுத்து வாங்குவது அந்த ஒரு விநாடிக் கத்தலைத்தான். அதைத் தவணையில் கொடுத்தால் எப்படி?

ஆட்டம் மட்டமாகிவிட்டது என்பவர்களோடு நான் சேரமாட்டேன். இப்போது கோல்கீப்பர்கூட அழகாகப் பாஸ் கொடுக்கிறார். என்ன, எல்லா அணியும் ஒரே மாதிரி கீப்பரிடம் கொடுத்து, பக்கத்தில் தள்ளி, திரும்பக் கீப்பரிடம் என்று ஆடினால், விடிகாலை நான்கு மணிக்கு அது தாலாட்டு.

அப்புறம், அளவு. சாம்பியன்ஸ் லீக் 2024-25-இல் 36 அணியாகி, 125 ஆட்டம் 189 ஆகிவிட்டது. 2026 உலகக் கிண்ணம் 48 அணி, 104 ஆட்டம், முன்பு 64. எங்களைப் போய்க் குறை சொல்வானேன், ஆடுகிறவர்களுக்கே திகட்டிவிட்டது. சிட்டியின் ரோட்ரி 2024 செப்டம்பரில் வேலைநிறுத்தம் நெருங்கிவிட்டது என்று சொன்னார், அதே வாரம் ஆர்சனலோடு ஆடும்போது முழங்கால் போய்விட்டது. சாம்பியன்ஸ் லீக் முதல் கட்டத்தின் எட்டு ஆட்டத்தில் ஒன்று தோற்றாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டால் நான் எதற்கு அலாரம் வைக்க வேண்டும்?

உள்ளூர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலேசிய சூப்பர் லீக்கை 2014-லிருந்து 2025 வரை எல்லா சீசனும் ஜொகூர் அணிதான் ஜெயித்தது. 2018-இல் எங்கள் பேராக் மலேசியக் கிண்ணத்தைப் பெனால்டியில் தூக்கிய இரவு மட்டும் டவுன் முழுக்க ஹாரன் சத்தம்.

அக்கா மகனுக்கு 17 வயது. முழு ஆட்டம் ஒன்றுகூட உட்கார்ந்து பார்த்ததில்லை, ஆனால் எல்லாக் கோலும் தெரியும். காலையில் நாசி லெமாக் பிரித்துக்கொண்டே ஃபோனை நீட்டி "மாமா, இதைப் பாருங்க" என்பான். 40 விநாடி. கோல், வார், முடிவு எல்லாம் அதிலேயே வந்துவிடுகிறது. அவனுக்கு ஏமாற்றமே இல்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

சந்தாவுக்கு வருகிறேன். விளையாட்டுச் சேனல்களுக்குத் தனியாகக் கட்ட வேண்டும், மழை தூறினால் படம் போய்விடும், கேட்டால் டிஷ்ஷைத் துடைக்கச் சொல்வார்கள். இந்த சீசனிலிருந்து நிறுத்திவிட்டேன். மனைவி நம்பவில்லை. இறுதியாட்டங்களுக்கு மட்டும் மாமாக் கடைக்குப் போகிறேன், மாப்பிள்ளையும் வருகிறார். நான் நாற்காலியை அவர் மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் போடுகிறேன், சட்டைக்காக.