ஸ்டார்ட்யூ வேலியா, அனிமல் கிராஸிங்கா? கடிகாரத்தைப் பாருங்கள்

பண்ணை நடத்தும் ஸ்டார்ட்யூ வேலி, தீவில் குடியிருக்கும் அனிமல் கிராஸிங் நியூ ஹொரைசன்ஸ் என்ற இந்த இரண்டு வீடியோ கேம்களையும் மாதக்கணக்கில் ஆடிவிட்டு, அனிமல் கிராஸிங்கை அக்கா மகளிடம் கொடுத்துவிட்டேன். ஸ்டார்ட்யூ வேலி என்னிடமே இருக்கிறது.

படம், இசை இரண்டிலுமே குறை இல்லை. வேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: தோண்டு, பறி, மீன் பிடி, விற்று வா, மறுநாள் மறுபடியும் அதே. வித்தியாசம் கடிகாரத்தில்.

அனிமல் கிராஸிங்கில் ஓடுவது நம் வீட்டுச் சுவர்க் கடிகாரம். எனக்கு இரண்டாம் ஷிஃப்ட். குளித்துச் சாப்பிட்டு உட்கார இரவு பத்தரை ஆகிவிடும். அங்கே நாம் பொருள்களை விற்கும் நூக்ஸ் கிரானி கடையைப் பத்து மணிக்கே மூடிவிடுவார்கள். வாசல் பெட்டியில் போட்டால் 80 சதவீத விலைதான். லாபத்துக்கு விற்க வாங்கும் டர்னிப் கிழங்குக்காக ஞாயிறு காலையில் எழ வேண்டும்; அடுத்த ஞாயிறுக்குள் விற்காவிட்டால் அழுகிவிடும். சில வாரம் கழித்து வந்தால் தீவெங்கும் களை, வீட்டுக்குள் கரப்பான்பூச்சி. ஓய்வுக்காக ஆடப்போய், இன்னொரு இடத்துக்கும் வருகைப் பதிவு கொடுப்பதுபோல் ஆகிவிட்டது.

ஸ்டார்ட்யூவில் நான் திறந்தால்தான் பொழுது விடியும். காலை 6 முதல் பின்னிரவு 2 வரையிலான ஒரு நாள், நமக்கு 14 நிமிடம் சொச்சம். மூன்று மாதம் தொடாவிட்டாலும் செடி விட்ட இடத்திலேயே நிற்கும்.

சரி, ஒரே வேலை எப்படி அலுக்காமல் இருக்கிறது? முதல் வசந்தத்தில் பூவாளியோடு அலைந்தே தெம்பு தீர்ந்துவிடும். விவசாயத்தில் 2ஆம் நிலைக்கு வந்ததும் 4 கட்டங்களுக்கு நீர் தெளிக்கும் கருவி செய்யலாம். 6ஆம் நிலையில் 8 கட்டங்கள், 9ஆம் நிலையில் 24. அலுப்பு தட்டும் நேரம் பார்த்து அந்த வேலை கையைவிட்டுப் போகிறது. மிச்சமான பொழுது சுரங்கத்துக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகிறது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கி 2016இல் வெளியிட்ட ஆட்டம் இது என்பதை நினைத்தால் இன்னும் வியப்பு.

ஆபத்தும் இங்கேதான். கணினியில், தூங்கப் போனால்தான் சேவ் ஆகும். தூங்கினால் விடிந்துவிடும், விடிந்தால் பூசணி பழுத்திருக்கும். அப்புறம் எப்படி எழுந்து போவது? பல இரவுகள் ஒன்றரை மணி வரை விழித்திருக்கிறேன். அந்த விஷயத்தில் அனிமல் கிராஸிங் நல்லது. அன்றைய நான்கு புதைபடிவங்களைத் தோண்டி, பாறைகளைத் தட்டி முடித்தால் மனம் தானாக நிறைந்துவிடும்.

சிம்ஸ் 4ஐயும் கேட்பீர்கள். 2022 முதல் இலவசமாகக் கிடைக்கும் அடிப்படை ஆட்டத்தை மட்டும், அதுவும் சில வாரங்கள்தான் ஆடினேன். வீடு கட்டுவது பிடித்தது, அதில் குடித்தனம் நடத்துவது அவ்வளவு ஒட்டவில்லை. காசு கொடுத்து வாங்கும் தொகுப்புகள் எதையும் தொடாததால் இதற்குமேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

அக்கா மகள் பள்ளிவிட்டு ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். அப்போது நூக்ஸ் கிரானி திறந்திருக்கும்.